பொம்மைகளா இவர்கள்?

கொரியப் போர் வல்லரசுகளின் ஆட்டம், வட கொரியத் தலைவர் கிம் இல் சுங்கும் தென் கொரிய அதிபர் சிங்மன் ரீயும் வெறும் பொம்மைகள் என்கிறார் ஒரு கட்டுரையாளர். இது பாதி உண்மை. 1945இல் 38ஆவது அட்சரேகையில் நாட்டைப் பிளந்தவை வல்லரசுகள்தாம். ஆனால் 1949இல் தெற்கின் மீது படையெடுக்க அனுமதி கேட்டு நச்சரித்தவர் கிம், மறுத்தவர் ஸ்டாலின். 1950 தொடக்கத்தில்தான் அவர் இசைந்தார். 1953 ஜூனில் போர்நிறுத்தப் பேச்சைக் குலைக்க, அமெரிக்காவைக் கேட்காமலே சுமார் 27,000 போர்க்கைதிகளைத் திறந்துவிட்டவர் ரீ. போர்நிறுத்தத்தில் கையெழுத்திடவும் மறுத்தார். அப்படியும் அக்டோபரில் அமெரிக்கப் பாதுகாப்பு உடன்படிக்கையைப் பெற்றுக்கொண்டார். கிம்மோ 1956க்குப் பின் மாஸ்கோ, பெய்ஜிங் சார்பாளர்களையே களையெடுத்தார். பொம்மைகள் இப்படியா நடந்துகொள்ளும்? லட்சக்கணக்கான சாவுகளுக்கு இவ்விருவரும் பொறுப்பாளிகள். வல்லரசுகளை மட்டும் கூண்டில் ஏற்றுவது, இவர்களை விசாரணையின்றி விடுதலை செய்வதாகும்.