தண்ணீர் தராத மாநகராட்சிக்கு எதற்குச் சொத்து வரி?

கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் 31 முதல் பத்திரப் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதத்திலிருந்து இரண்டு சதவீதமாக உயர்ந்தது. முத்திரைத் தீர்வை, செஸ் எல்லாம் சேர்த்து 6.6 சதவீதமாக இருந்த செலவு 7.6 ஆனது. ஒரு கோடி ரூபாய்க்கு ஃபிளாட் வாங்குகிறவர் கூடுதலாக ஒரு லட்சம் கட்ட வேண்டும். இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 2 அன்று, பெங்களூரின் பிபிஎம்பி என்கிற பழைய மாநகராட்சி கலைந்து ஐந்து மாநகராட்சிகள் பிறந்தன. அவற்றுக்கு மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம். அக்டோபரில் அடுத்த அறிவிப்பு: பி-காதா, அதாவது முழு அங்கீகாரம் இல்லாத சொத்துப் பதிவு, உள்ள மனை வைத்திருப்பவர்கள் வழிகாட்டி மதிப்பில் 5 சதவீதம் கட்டி முழு அங்கீகாரமுள்ள ஏ-காதாவாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்குள் பணம் கேட்டு இரண்டு ஆணை, அதிகாரத்தைப் பங்கு வைத்து ஓர் ஆணை. பணம் கட்டுகிற இந்த மக்களின் வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் எந்த மாதம் வரும் என்று இவற்றில் எதிலும் ஒரு வரி இல்லை.

புதிய கிழக்கு மாநகராட்சியில் இருப்பவை கே.ஆர்.புரமும் மகாதேவபுராவும். வொயிட்ஃபீல்டு, வர்த்தூர், மாரத்தஹள்ளி, பெல்லந்தூர், வெளிவட்டச் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான். கர்நாடகத்திலேயே தனிநபர் வருமானம் மிக அதிகமான மாவட்டம் பெங்களூரு நகர மாவட்டம். அந்த மாவட்டத்துக்குள் சொத்து வரியை அள்ளிக் கொடுப்பதில் பிபிஎம்பி காலத்தில் மகாதேவபுரா மண்டலம் ஆண்டுதோறும் முதலிடம் பிடித்தது. சேலத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் போன பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இங்கே கடன் வாங்கி வீடு வாங்கியிருக்கிறார்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மகனின் சம்பளம் தெரியும். அது எங்கே போகிறது என்பது தெரியாது.

அது இரண்டு அரசாங்கங்களுக்குப் போகிறது. ஒன்று விதான சௌதா என்கிற மாநிலத் தலைமைச் செயலகத்தில் இருப்பது. இன்னொன்று அவன் குடியிருப்பின் தரைத்தளத்தில், கிளப் ஹவுஸ் பக்கத்து அறையில், ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மேனேஜரும் வைத்துக்கொண்டு இயங்கும் உரிமையாளர் சங்கம். தண்ணீர் தருவது சங்கம். சாக்கடைக் கழிவைச் சுத்திகரிப்பது சங்கம். மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது, குப்பை அள்ள ஆள் வைப்பது, தெருவிளக்கு எரியவிடுவது, காவல் போடுவது எல்லாம் சங்கம். ஒரு நகர நிர்வாகம் செய்யவேண்டிய வேலையில் முக்கால்வாசியைச் சங்கம் செய்கிறது. சொத்து வரியை மட்டும் மாநகராட்சி வாங்கிக்கொள்கிறது.

மெயின்டனன்ஸ் பில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் போதும். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், லிஃப்ட் ஒப்பந்தம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆபரேட்டர், அதன் மோட்டாருக்கான மின்கட்டணம், கசடு அள்ளும் கூலி, போர்வெல் மோட்டார் பழுது, டேங்கர் தண்ணீர். கோடையில் எகிறுவது பில்லின் இந்தக் கடைசி வரிதான். 2024 மார்ச்சில் நகரமே தண்ணீருக்குத் தவித்தபோது மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு உச்ச விலை நிர்ணயித்தது. 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லாரிக்கு 1,000 ரூபாய். அதாவது ஆயிரம் லிட்டருக்கு 83 ரூபாய். குடிநீர் வாரியம் அப்போது அடுக்ககங்களுக்கு ஆயிரம் லிட்டருக்கு வாங்கிக்கொண்டிருந்தது 22 ரூபாய். குழாய் இருப்பவருக்கு 22, இல்லாதவருக்கு 83. அந்த 83-உம் அரசே தலையிட்டுக் குறைத்த விலை.

இங்கே 7,500 என்கிற எண்ணைப் பற்றிப் பேசியாக வேண்டும். நகரப் பொருளாதாரம் பேசுகிற நிபுணர்கள் யாரும் இதைத் தொடுவதில்லை என்பது என் நீண்ட நாள் ஆதங்கம்.

சங்கத்துக்குக் கட்டும் மாதப் பராமரிப்பு 7,500 ரூபாயைத் தாண்டினால், சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால், 18 சதவீதம் ஜிஎஸ்டி. இந்த அளவு வசூலிக்கும், நூறு வீடு உள்ள எந்தச் சங்கமும் அந்த 20 லட்சத்தைச் சில மாதங்களிலேயே தாண்டிவிடும். ஆகவே உண்மையான எல்லைக்கோடு 7,500 மட்டுமே. முதலில் 5,000 என்றிருந்ததை 2018 ஜனவரியில் 7,500 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு காவலாளியின் சம்பளம் ஏறியது, டீசல் ஏறியது, லிஃப்ட் ஒப்பந்தம் ஏறியது. 7,500 அப்படியே நிற்கிறது.

மூன்று படுக்கையறை ஃபிளாட் ஒன்று 1,500 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 5 ரூபாய் பராமரிப்பு என்பது வொயிட்ஃபீல்டு பக்கம் அதிசயமான விலை இல்லை. பெருக்கினால் சரியாக 7,500. வரி கிடையாது. ஏப்ரலில் போர்வெல் வற்றுகிறது. நூறு வீட்டுக் குடியிருப்பில் மாதம் நாற்பது லாரி தண்ணீர் இறங்குகிறது. லாரிக்கு 1,000 என்றால் வீட்டுக்கு 400 ரூபாய். பில் 7,900 ஆகிறது. ஜிஎஸ்டி எவ்வளவு தெரியுமா? கூடுதலாக வந்த 400 ரூபாய்க்கு மட்டும் போட்டால் 72 ரூபாய். முழுத் தொகைக்கும் போட்டால் 1,422 ரூபாய். 2019 ஜூலையில் மத்திய மறைமுக வரி வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை முழுத் தொகைக்கும் போடச் சொல்கிறது. நானூறு ரூபாய்த் தண்ணீர் வாங்கிய குற்றத்துக்கு 1,422 ரூபாய்!

2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சுற்றறிக்கையை ஏற்கவில்லை. 7,500-க்கு மேற்பட்ட தொகைக்குத்தான் வரி என்று தீர்ப்பளித்தது. சட்டத்தைப் படிக்கத் தெரிந்த யாருக்கும் அதுதான் நியாயம் என்று புரியும். ஆனால் நோட்டீஸ் வந்துவிடுமோ என்று பயந்து, முழுத் தொகைக்கும் வரி போட்டுக் கட்டிவிடுகிற சங்கங்கள் உண்டு. ‘உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாமே’ என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள். வீதியில் போகிற டேங்கரை நிறுத்தித் தண்ணீர் இறக்குகிற சங்கத்துக்குக் கழிக்கத்தக்க ரசீதை யார் தருகிறார்கள்?

யோசித்துப் பாருங்கள். தண்ணீர் தரவேண்டியது அரசு. தரவில்லை. ஆகவே மக்கள் நாலு மடங்கு விலை கொடுத்துத் தனியாரிடம் வாங்குகிறார்கள். அப்படி வாங்கியதாலேயே வரி எல்லையைத் தாண்டுகிறார்கள். அதற்கும் அரசு வரி வாங்குகிறது. தன் கடமையைச் செய்யாததற்கு அபராதத்தைக் குடிமகனிடம் வசூலிக்கும் அரசை வேறெங்கும் பார்க்க முடியாது.

இது மத்திய அரசின் வரி, மாநில அரசு என்ன செய்யும் என்று பெங்களூரு அரசியல்வாதிகள் நழுவுவார்கள். ஜிஎஸ்டியில் பாதி மாநிலத்துக்கு. ஜிஎஸ்டி கவுன்சிலில் கர்நாடகத்துக்கு ஒரு நாற்காலி உண்டு.

மாநிலத்துக்குள்ளேயே ஏறியவையும் குறைவில்லை. 2025-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் பிஎம்டிசி பேருந்துக் கட்டணம் 15 சதவீதம் ஏறியது. பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60-இலிருந்து 90 ஆனது. ஏப்ரலில் தண்ணீர்க் கட்டணம் ஏறியது, கூடவே ஆண்டுக்கு 3 சதவீதம் தானாக ஏறும் என்ற ஏற்பாடும் வந்தது. அதே ஏப்ரலில் நந்தினி பால் 4 ரூபாய் கூடியது. குப்பைக்கு வீட்டின் பரப்பைப் பொறுத்து மாதம் 10 ரூபாய் முதல் 400 ரூபாய் வரை பயனர் கட்டணம் வந்தது. குப்பைக்கான செஸ் சொத்து வரியோடு ஏற்கெனவே வசூலாகிக்கொண்டிருக்கிறது. பெரிய குடியிருப்புகள் தங்கள் குப்பையைத் தாங்களே ஏற்பாடு செய்து அகற்ற வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஒரே குப்பைக்கு மூன்று செலவு.

மெட்ரோவை மட்டும் சென்னையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 9 கிலோமீட்டர் பயணத்துக்குச் சென்னையில் 30 ரூபாய், பெங்களூரில் 50. 18 கிலோமீட்டருக்குச் சென்னையில் 40, பெங்களூரில் 70. சென்னை 2021-இல் அதிகபட்சக் கட்டணத்தை 70-இலிருந்து 50 ஆகக் குறைத்தது. அதே பணியை, அதே மாதிரிக் கடனில், பக்கத்து மாநிலத்தில் ஒரு நிறுவனம் பாதிக்குச் சற்று மேலான விலையில் செய்கிறது. பெங்களூரின் மெட்ரோ ஏற வேண்டியவர்களைத் திரும்பக் காருக்குள் தள்ளுகிறது. அந்தக் கார் எங்கே நிற்கிறது? டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி பெங்களூரில் 10 கிலோமீட்டர் போக 34 நிமிடம் 10 நொடி. உலகில் மூன்றாவது மந்தம். இந்த நெரிசலுக்கு அரசு வைத்திருக்கும் மருந்து, ஹெப்பாளில் இருந்து சில்க் போர்டு வரை பதினாறு கிலோமீட்டருக்கு மேல் நீளும், பல்லாயிரம் கோடி ரூபாய் விழுங்கும் சுரங்கச் சாலை. மெட்ரோவை மலிவாக்கப் பணமில்லாத ஊரில் காருக்குச் சுரங்கம் வெட்டப் பணம் இருக்கிறது.

இத்தனையையும் யாரைக் கேட்டு ஏற்றினார்கள்? பெங்களூரு மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015-இல். அந்த மன்றத்தின் ஆயுள் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு ஐந்தாண்டுக்கு மேல் ஐஏஎஸ் அதிகாரிகளின் ஆட்சி. பாஜக ஆட்சியிலும் இப்படித்தான், காங்கிரஸ் ஆட்சியிலும் இப்படித்தான். தேர்தல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஊரில் குழாய் உடைந்தால் போய்க் கேட்கக் கவுன்சிலர் இல்லை. வரி ரசீது மட்டும் ஆன்லைனில் உடனே கிடைக்கிறது.

கேட்டால் என்ன பதில்? வெளிவட்டச் சாலையில் இருந்த ஒரு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்தின் தலைவர், குழிகளையும் நெரிசலையும் சொல்லி அலுவலகத்தை மாற்றப்போவதாக 2025 செப்டம்பரில் எழுதினார். துணை முதல்வர் டி.கே.சிவகுமார், அரசை மிரட்டிப் பணியவைக்க முடியாது என்றார். வரி கட்டுகிறவர் குறை சொன்னால் அது மிரட்டல் என்றால், ஜனநாயகத்தில் மனு என்பது என்ன?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. நீச்சல் குளம் வைத்திருப்பவர்களின் புலம்பல் இது, ஏழைகளின் பிரச்சினையைப் பேசுங்கள் என்பார்கள். அவர்கள் ஒருமுறை மாரத்தஹள்ளியை ஒட்டிய முன்னேகொலாலா பக்கம் போய்ப் பார்க்கட்டும். இந்த ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணும் கார் ஓட்டுகிற தம்பியும் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கும் அதே லாரிதான் வருகிறது. பி-காதாவை மாற்றப் பணம் கட்டுபவர்களில் இருபதுக்கு முப்பது சைட்டில் அறுநூறு சதுர அடி வாங்கிய ஆட்டோக்காரர்களும் தையல்காரர்களும் உண்டு. பணக்காரன் பிரச்சினை என்று தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். ‘பிடிக்காவிட்டால் ஊருக்குப் போ’ என்பவர்களுக்குப் பதில் சொல்லி இடத்தை வீணடிக்க விரும்பவில்லை.

காவிரி ஐந்தாம் கட்டம் வந்துவிட்டதே என்று குடிநீர் வாரியத்தார் கேட்பார்கள். ஆமாம், 2024 அக்டோபர் 16 அன்று மளவள்ளி தாலுகாவில் அதைத் தொடங்கிவைத்தார்கள். நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். 2007-இல் பெங்களூரோடு சேர்த்த 110 கிராமங்களுக்கானது. சேர்த்தது 2007-இல், தண்ணீர் புறப்பட்டது 2024-இல். இடையில் ஒரு குழந்தை பிறந்து கல்லூரிக்குப் போய்விட்டது. தண்ணீர் தயார், குடியிருப்புகள்தான் இணைப்பு வாங்க மாட்டேன் என்கின்றன என்று வாரியம் குறை சொல்கிறது. பெரிய குடியிருப்பு ஒன்று இணைப்பு வாங்க முன்பணமாகக் கட்டவேண்டியது லட்சக்கணக்கில். கட்டினாலும் தினமும் வருமா என்பதற்கு உறுதி இல்லை. 2025 மே மாதம் வாரியமே டேங்கரில் காவிரி நீர் விற்கும் ‘சஞ்சாரி காவேரி’ திட்டத்தையும், இணைப்புக் கட்டணத்தைத் தவணையில் கட்டும் ‘சரள காவேரி’ திட்டத்தையும் தொடங்கியது. குழாய் போதவில்லை என்பதற்கு வாரியத்தின் இந்த டேங்கரை விட வேறு சாட்சி வேண்டாம்.

சென்னை வாசகர்கள் இதை அடுத்த வீட்டுக் கதையாகப் படிக்க வேண்டாம். 2011-இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளை விழுங்கி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி முதல் சோழிங்கநல்லூர் வரை இன்றும் காலையில் ஹாரன் அடிக்கிற லாரி எந்த லாரி என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஊரை விரித்து வரியை முதலில் அனுப்புவது, தண்ணீரைப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து அனுப்புவது. இதுதான் நம் இரண்டு மாநிலங்களின் நகர நிர்வாகம்.

ஆகவே என் கோரிக்கை நேரடியானது. 7,500 என்ற எல்லை 15,000 ஆக வேண்டும். தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் செலவிடும் தொகை அந்தக் கணக்கில் சேரவே கூடாது. ஒரு வார்டுக்குக் காவிரிக் குழாயும் பாதாளச் சாக்கடையும் வந்து சேரும் வரை அந்த வார்டில் சொத்து வரி வாங்க மாநகராட்சிக்கு உரிமை இருக்கக் கூடாது. இதைச் சட்டமாக்க மறுத்தால், சங்கங்கள் ஒன்றுகூடி வரித் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவைத்து நீதிமன்றத்துக்குப் போகட்டும். வருவாய் நின்றால் மருத்துவமனை எப்படி நடக்கும், பள்ளி எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள், சுரங்கச் சாலைக்கு வைத்திருக்கும் பணத்திலிருந்து நடத்தச் சொல்லலாம்.

புதிய மாநகராட்சிகளுக்கு 360-க்கும் மேற்பட்ட வார்டுகளை வரைந்திருக்கிறார்கள். ஓட்டுக் கேட்டு ஆட்கள் வாசலுக்கு வருவார்கள். செக்யூரிட்டி வழக்கம்போலத் திருப்பி அனுப்பிவிடாமல், உள்ளே கூப்பிடுங்கள். மெயின்டனன்ஸ் பில்லைக் கையில் கொடுங்கள். அதில் டேங்கர் தண்ணீர் என்ற வரியைக் காட்டி, இது எந்த வருடம், எந்த மாதம் இந்தப் பில்லிலிருந்து போகும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மாதத்தைச் சொல்லாத வேட்பாளருக்கு, அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், ஓட்டுப் போடாதீர்கள்.