நிறுத்தி வைத்தால் போதுமா?

லூமுட்டில் வளர்ந்தவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி முதல் சைக்கிள் செயின் வரை எதையும் விட்டுவைக்காது.

2004 வரை கடற்படையில் இருந்த கே.டி. ரஹ்மாட் கப்பல், 2011-இல் எங்கள் ஊரில் அருங்காட்சியகமானது. குடும்பம் குடும்பமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டோம். 2025-இல் நீர் புகுந்து மூழ்கிவிட்டது. செய்தியைக் கேட்டபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் தவறிவிட்டது போல இருந்தது.

அதே 2011-இல்தான் ராஜீவ் சந்திரசேகர் என்ற இந்திய எம்.பி., கழித்துப் போட்ட பழைய டகோட்டா விமானம் ஒன்றை வாங்கினார். அவருடைய அப்பா விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு இந்தியப் படையினரை ஏற்றிச் சென்றவை டகோட்டாக்கள்தான். பிரிட்டனில் பழுதுபார்த்த அந்த விமானம், 2018-இல் நாடு நாடாக இறங்கி ஏறி, தானே பறந்து இந்தியா வந்து சேர்ந்தது. விமானப்படை அதற்கு ‘பரசுராமா’ என்று பெயர் வைத்தது.

பறந்து வந்ததோடு வேலை முடியவில்லை. டகோட்டாவின் எஞ்சினில் 14 சிலிண்டர்கள் வட்டமாக இருக்கும். விமானம் சும்மா நிற்கும்போது எண்ணெய் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். அப்படியே கிளப்பினால் உள்ளிருக்கும் கம்பித்தண்டு வளைந்துவிடும். அதனால் முதலில் ஆட்கள் புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றுவார்கள். எங்காவது பிடித்தால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்த பிறகுதான் மறுவேலை. எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது கைக்குத்தான் தெரியும். அந்தக் கை இன்னொரு கைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இதைப் படித்ததும் எங்கள் வீட்டுப் பின்கட்டு ஞாபகம் வந்தது. அப்பாவின் கப்சாய் அங்கேதான் நிற்கிறது. தோட்டத்திலிருந்து என்னைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற வண்டி. “அப்பா ஞாபகமாக வைத்திருக்கிறேன்” என்று வானொலியில்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையில், கித்தான் போட்டு மூடி மறந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கித்தானை விலக்கினேன். செயின் இறுகிக் கிடந்தது. அப்பா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஸ்பேனரைக் கார்புரேட்டரில் வைத்தேன்.

“முதல்ல பெட்ரோல அடைடா” என்றார்.

முப்பது வயதைத் தாண்டிய எனக்கு அதுகூடத் தெரியவில்லை. வண்டி இன்னும் கிளம்பவில்லை. அடுத்த ஞாயிறும் நாற்காலி போட்டாகிவிட்டது.

உங்கள் வீட்டில் கித்தானுக்கு அடியில் என்ன இருக்கிறது? அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே திறந்து பாருங்கள்.