நம் நோய்ப் பதிவைத் திறந்தது யார்?

கெடாவின் பாலிங்கிலோ கோல கெட்டிலிலோ அரசாங்கக் கிளினிக் முகப்பில் நாம் நீட்டுவது அடையாள அட்டை ஒன்றைத்தான். மின்பதிவுக்கு மாறிய இடங்களில் அதன் 12 இலக்கங்களைத் தட்டியதும் பெயர், மருந்து, இரத்தப் பரிசோதனை, பழைய நோய் எல்லாம் திரைக்கு வந்துவிடுகின்றன. காகிதக் கோப்புகளை மின்பதிவாக்கும் வேலையைச் சுகாதார அமைச்சு கட்டம் கட்டமாகச் செய்து வருகிறது. அது நல்ல வேலைதான். சுங்கைப்பட்டாணி மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நோயாளி அதே பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டியிராது. ஆனால் காகிதக் கோப்பை எடுக்க ஒருவர் அலமாரிவரை நடந்தாக வேண்டும், நாலு பேர் கண்ணில் படுவார். மின்பதிவை உட்கார்ந்த இடத்திலிருந்தே திறக்கலாம், யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஒரே வழி, யார், எப்போது, எந்தக் கணினியிலிருந்து, எந்தப் பதிவைத் திறந்தார் என்று அமைப்பு தானாகவே எழுதிவைக்கும் ‘லாக்’ என்ற நடவடிக்கைப் பதிவு. அதைத் தவறாமல் வாசிக்க ஓர் ஆள் இல்லாத இடத்தில் நோயாளியின் ரகசியம் காக்கப்படுகிறது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்பது என் வாதம்.

பாலிங் போன்ற ஊருக்கு இது தலைநகரைவிட முக்கியம். கோலாலம்பூரில் ஒருவரின் காசநோய் மாத்திரையைப் பற்றி அறிந்தவர் அவரை மறுபடி பார்க்கப்போவதில்லை. இங்கே தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்த பிறகும் அதே குடும்பங்கள்தாம், அதே கோயில், அதே தமிழ்ப்பள்ளி. மனநல மருந்து, எச்ஐவி, குழந்தையின்மைக்கான சிகிச்சை, இவற்றில் எது கசிந்தாலும் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுபோகும், ஒருவரின் வேலை போகும். அதற்கு வெளிநாட்டு ஊடுருவல்காரன் வேண்டியதில்லை. பதிவைத் திறக்க அனுமதி உள்ள ஒருவரின் ஆர்வமே போதும்.

அனுமதி உள்ள கணக்கு என்ன செய்யும் என்பதை இந்த நாடே பார்த்திருக்கிறது. மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலியோடு இணைந்த தடுப்பூசி நிர்வாக அமைப்பிலிருந்து 2021 அக்டோபர் கடைசி நாட்களில் 30 லட்சம் பேரின் விவரங்கள் ‘சூப்பர் அட்மின்’ கணக்கு ஒன்றின் வழியாகப் பதிவிறக்கப்பட்டன. பொதுமக்கள் இதைத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை வழியாக அறிந்தது 2023 பிப்ரவரியில். இடையில் ஓராண்டுக்கு மேல் போய்விட்டது. தனியார் மருத்துவமனையாக இருந்தால் இன்று நிலைமை வேறு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024 திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல் பெரிய கசிவுகளை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் அறிவிக்க வேண்டும். சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் அபராதம் பத்து லட்சம் வெள்ளிவரை போகலாம். ஆனால் 2010ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்று அதன் 3ஆம் பிரிவே சொல்கிறது. தோட்டத் தொழிலாளியும் ஓய்வூதியக்காரரும் நாடுவது அரசாங்க மருத்துவமனையைத்தான். பாதுகாப்பு மிகவும் தேவைப்படுபவர்களைச் சட்டம் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. 2024இன் இணையப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தையும் கட்டுப்படுத்துகிறது என்பது உண்மை. என்றாலும் அதன் முதன்மை நோக்கம் முக்கியக் கட்டமைப்புகளைத் தாக்குதலிலிருந்து காப்பது. வேலை நேரத்தில் தன் சொந்தக் கணக்கில் நுழைந்து உறவினரின் பதிவைப் புரட்டுபவரை அது தேடிப் போகாது.

லாக் இருந்தால் போதாது, அதை வாசிக்க வேண்டும், வாசித்ததும் செயல்பட வேண்டும். அமெரிக்காவில் புளோரிடாவின் மெமோரியல் மருத்துவக் குழுமத்தில், அதனோடு இணைந்த ஒரு மருத்துவர் அலுவலகத்தின் வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கைக் கொண்டு 2011 ஏப்ரலிலிருந்து ஓராண்டு தினமும் நோயாளிகளின் விவரங்களைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் லாக்கில் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. 2017இல் அந்தக் குழுமம் 55 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டபோது, 2018 ஜூலை 4ஆம் தேதியே ஓர் ஊழியர் தரவுத்தளத்தில் விநோதமான வினவல்களைக் கவனித்து நிறுத்தினார். ஆனால் இணையப் பாதுகாப்பு முகமைக்குத் தகவல் போனது 10ஆம் தேதி. கண்டவர் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் முன்கூட்டியே தீர்மானமாகியிருக்க வேண்டும்.

ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் தாதியர்மேல் இன்னொரு சுமையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் லாக்கை வாசிப்பது தாதியரின் வேலையல்ல. தன் பிரிவில் இல்லாத நோயாளியின் பதிவு, பணி முடிந்தபின் திறந்த பதிவு, ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் திறந்த பதிவுகள் என்று கணினியே பிரித்துக் கொடுக்கும், மாநில அளவில் சிலர் பார்த்தால் போதும். அவசரத்தில் உயிரைக் காக்க எந்தப் பதிவையும் திறக்க வேண்டியிருக்குமே என்றால், தாராளமாகத் திறக்கட்டும். காரணத்தை ஒரு வரியில் எழுதட்டும், மறுநாள் ஒருவர் சரிபார்க்கட்டும். ஊழியர்களைச் சந்தேகிப்பது அவமதிப்பு என்ற வாதமும் உண்டு. நேர்மையான ஊழியருக்குத்தான் இந்த லாக் பெரிய காவல். பழி விழும்போது ‘நான் திறக்கவில்லை’ என்று நிரூபிக்க அவருக்கு வேறென்ன இருக்கிறது? ஒரு கணக்கை நாலு பேர் பகிரும் பழக்கம் இருந்தால் அந்தக் காவலும் போய்விடும். திருத்தத்தை அங்கேதான் தொடங்க வேண்டும்: ஆளுக்கொரு கணக்கு, மாற்றலாகிப் போனவரின் கணக்கை அன்றே மூடுவது, லாக்கை அமைப்பின் நிர்வாகியே அழிக்க முடியாத இடத்தில் வைப்பது.

எஸ்தோனியாவில் நோயாளி தன் பதிவைப் பார்த்தது யார் என்று தானே இணையத்தில் பார்க்கலாம். மலேசியர் பலரின் கைப்பேசியில் மைசெஜாத்ரா ஏற்கெனவே இருக்கிறது. அதில் இந்த ஒரு பக்கத்தைச் சேர்க்க, 3ஆம் பிரிவு திருத்தப்படும்வரை சுகாதார அமைச்சு காத்திருக்க வேண்டியதில்லை. கெடா நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரில் அமைச்சரிடம் இதைக் கேட்கட்டும்: மாநிலத்தின் அரசாங்க மருத்துவமனைகளில் கடந்த ஆண்டு லாக்கைச் சரிபார்த்தது யார், தவறாகத் திறக்கப்பட்ட பதிவுகள் எத்தனை, அவற்றுக்கு உரிய நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டது?