‘போகாதே’ என்றால் போதுமா?



வெந்நீர் ஊற்று என்றதும் நம் பிள்ளைகளின் மனத்தில் தோன்றும் படம் என்ன? பேராக்கின் சுங்கை கிளாவில் முட்டை வேகவைப்பதும், சிங்கப்பூர் செம்பவாங்கில் கால்களை நனைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதும்தான். அவர்களைப் பொறுத்தவரை அது விளையாடி மகிழும் இடம். இதே எண்ணத்தோடு ஒரு பிள்ளை அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் சென்றால் அது பேராபத்து. விடுமுறையில் அவ்வளவு தொலைவு செல்லும் குடும்பங்களும் இன்று நம்மிடையே உள்ளன. அவர்கள் புறப்படுமுன் பிள்ளைகளின் மனத்திலுள்ள இந்தப் படத்தை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

1872-இல் அமைக்கப்பட்ட அப்பூங்காவில் வெந்நீர் ஊற்று, நீரைப் பீய்ச்சியடிக்கும் கீசர், கொதிக்கும் சேற்றுக்குழி, நீராவித் துளை என 10,000-க்கும் மேற்பட்ட இடங்களில் நிலத்தடி வெப்பம் வெளிப்படுகிறது. இந்நான்கு வகைகளையும் ஒரே நடையில் காண விரும்புவோர் ‘ஃபவுண்டன் பெயிண்ட் பாட்’ பாதைக்குச் செல்கின்றனர். ஏறத்தாழ 800 மீட்டர் நீளமுள்ள சுற்றுப்பாதை அது. பெரும்பகுதி மரப்பலகைகளால் ஆனது. சிறுவர்கள்கூடக் களைப்பின்றி நடந்துவிடலாம். எளிதான பாதை என்பதாலேயே பெற்றோரின் கவனமும் எளிதில் தளர்ந்துவிடுகிறது.

பலகையை விட்டு ஏன் இறங்கக்கூடாது? வெந்நீர் தன்னுடன் கொண்டுவரும் சிலிக்கா படிந்து படிந்து ஊற்றைச் சுற்றி வெண்மையான மேலோடாக இறுகிவிடுகிறது. பார்வைக்குச் சிமெண்டுத் தரைபோல் இருக்கும். ஆனால், பல இடங்களில் அது மெல்லியது. அடியில் கொதிநீர் இருக்கலாம். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரம் என்பதால் அங்கே நீர் ஏறக்குறைய 93 பாகை செல்சியஸிலேயே கொதிக்கிறது. ‘100-ஐவிடக் குறைவுதானே’ என எண்ண வேண்டா. 60 பாகை நீரே சில நொடிகளில் தோலைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும்.

அப்பூங்காவிற்குச் செல்லும் பிள்ளைகள் கரடிக்குத்தான் அஞ்சுவார்கள். உண்மையில், கரடியால் இறந்தவர்களைவிட வெந்நீரில் வெந்து இறந்தவர்களே அங்கு அதிகம், 20-க்கும் மேற்பட்டோர். 1970-இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஊற்றில் விழுந்து மாண்டான். 1981-இல் இதே ஃபவுண்டன் பெயிண்ட் பாட் பாதையோரம் உள்ள ஊற்றில் நண்பரின் நாய் பாய்ந்தது. அதைக் காப்பாற்றக் குதித்த 24 வயது இளைஞர் உயிரிழந்தார். 2016-இல் நோரிஸ் பகுதியில் பலகைப் பாதையை விட்டு விலகி நடந்த 23 வயது இளைஞர் ஊற்றில் விழுந்தார். அமிலத்தன்மை மிகுந்த அந்தக் கொதிநீரிலிருந்து அவரது உடலைக்கூட மீட்க முடியவில்லை. 2020-இல் மூன்று வயதுக் குழந்தை ஒன்று பாதையிலிருந்து விலகி ஓடி விழுந்து தீப்புண்ணுக்கு ஆளானது.

சூடு பட்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். ‘பட்டால்தான் புத்தி வரும்’ என்று சில வேளைகளில் நாமும் பிள்ளைகளை விட்டுவிடுகிறோம். இந்த நிலத்தில் அந்தப் பாடமுறை செல்லாது. பட்டபின் திருந்துவதற்கு வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். ஆகவே, அறிவு முன்னரே வந்து சேர வேண்டும்.

‘போகாதே, தொடாதே’ என்று அதட்டுவது அறிவாகாது. காரணம் தெரியாத கட்டளையை, கட்டளையிட்டவர் திரும்பிப் பார்க்கும் வரைதான் பிள்ளை மதிக்கும். வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து காட்டலாம். கிண்ணத்தின் வாயில் பொரித்த அப்பளத்தை வைத்து, அதன்மீது விரலால் அழுத்தச் சொல்லுங்கள். ‘இது நிலம், கிண்ணத்தில் இருப்பது கொதிநீர்’ என்று கூறுங்கள். அப்பளம் நொறுங்கும் ஓசை பத்து அறிவிப்புப் பலகைகளுக்குச் சமம்.

பெற்றோர் கவனத்திற்குச் சில:

* சிறு குழந்தைகளின் கையைப் பிடித்தே நடக்கவும். பல இடங்களில் கைப்பிடிக் கம்பி இருக்காது.
* பாதையில் ஓடவோ ஒருவரையொருவர் தள்ளவோ விடாதீர்கள். நீராவி கண்ணை மறைத்தால் நின்று, தெளிந்தபின் நடக்கவும். குளிர்காலத்தில் பலகை உறைபனியால் வழுக்கும்.
* தொப்பியோ கைப்பேசியோ வெளியே விழுந்தால் அதை எடுக்க இறங்கக்கூடாது. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
* படம் எடுக்கப் பின்னோக்கி நகராதீர்கள்.
* கந்தக வாடையால் தலைசுற்றினால் உடனே அங்கிருந்து விலகிச் செல்லவும்.
* ஊற்றில் எதையும் எறியாதீர்கள். பயணிகள் எறிந்த காசும் குப்பையும் ‘மார்னிங் குளோரி’ ஊற்றின் துளையை அடைத்து, அதன் வெப்பத்தையும் நிறத்தையுமே மாற்றிவிட்டன.

பலகைமேல் நின்றால் ஆபத்தே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2024 ஜூலை 23-இல் பிஸ்கட் பேசின் பகுதியில் நிலத்தடி நீராவி வெடித்துப் பாறைகளையும் சேற்றையும் வீசியெறிந்தது. பலகைப் பாதை சிதைந்தது. பயணிகள் ஓடித் தப்பினர். நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. எனவே, காவலர் ஒரு பாதையை மூடியிருந்தால் ‘இவ்வளவு தூரம் வந்தோமே’ என்று வாதிடாமல் திரும்பிவிட வேண்டும். பெற்றோர் தடுப்பைத் தாண்டிச் சென்றால், பிள்ளை அவர்களின் அறிவுரையை விடுத்து அவர்களின் காலடியையே பின்பற்றும்.

அச்சத்தை மட்டுமே ஊட்டி அழைத்துச் செல்லவும் வேண்டா. அதே வட்டாரத்து வெந்நீர் ஊற்று ஒன்றில்தான் 1966-இல் தாமஸ் பிராக் என்னும் அறிவியலாளர் ஒருவகை நுண்ணுயிரியைக் கண்டார். அதிலிருந்து கிடைத்த நொதி பின்னாளில் மரபணுச் சோதனைகளுக்கு அடிப்படையாயிற்று. கோவிட் காலத்தில் நாம் செய்துகொண்ட பி.சி.ஆர். சோதனையும் அவ்வழி வந்ததே. ஊற்றோரத்து மஞ்சளும் செம்மஞ்சளும் உயிர்களின் நிறங்கள் என்று அறிந்த பிள்ளை, அவற்றை மிதிக்கத் தயங்கும்.

அந்தத் தயக்கம் பிள்ளையின் உள்ளத்திலிருந்தே வர வேண்டும். அதை ஊட்டுவது நம் கடமையல்லவா? சிந்திப்போம்.