பூமிக்கு அடியில் வருகிறது கடல்!

சென்னையிலிருந்து கூடூருக்குப் போகும் ரெயில் மீஞ்சூரைத் தாண்டியதும் அனுப்பம்பட்டு வரும். வடக்கே ஆரணியாறு. தெற்கே கொசஸ்தலையாறு. வடகிழக்கே பழவேற்காடு ஏரி. தண்ணீருக்குக் கவலை இல்லாத இடம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் இந்த வட்டாரத்தில் பல கிணறுகளில் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியவில்லை. உப்புக் கரிக்கிறது!

கடல் கரையை மீறி ஊருக்குள் வந்ததா? இல்லை. பூமிக்கு அடியில் வந்தது.

1 அடிக்கு 40 அடி

கடலோரத்து மண்ணுக்குள் மேலே நல்ல தண்ணீர் இருக்கிறது. கீழே கடல் நீர் இருக்கிறது. நல்ல தண்ணீர் லேசானது. உப்புத் தண்ணீர் கனமானது. அதனால் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது.

கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பு அண்டாது. மேலே 1 அடி குறைந்தால், கீழே உப்பு நீர் நாளடைவில் 40 அடி ஏறிவிடும். மேலும் மேலும் இறைத்தால், கடல் நீர் உள்நாட்டை நோக்கி நகரும்.

நடந்தது என்ன?

1960களில் ஐக்கிய நாடுகள் சபையின் உதவியுடன் இங்கே நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டினார்கள். தண்ணீர் சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் போயிற்று. விவசாயிகளும் பம்பு வைத்து இறைத்தார்கள். எடுத்த அளவுக்கு மழை திருப்பிக் கொடுக்கவில்லை.

1969இல் உப்பு நீர் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வந்திருந்தது. 1987இல் அது சுமார் 9 கிலோமீட்டர் ஆயிற்று! அந்த ஆண்டில்தான் சென்னையிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது.

சுரங்கம் சொல்லும் பாடம்

நெய்வேலியில் கதை நேர்மாறானது. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு பொங்கிவிடும். 1961இல் நிலக்கரி வெளிவருவதற்கு முன்பே பம்புகள் ஓட ஆரம்பித்துவிட்டன.

இப்போது ஜார்க்கண்டில் இருக்கும் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் 1975 டிசம்பர் 27ஆம் தேதி தண்ணீர் புகுந்தது. 370க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள்.

சுரங்கத்தில் ஆபத்து ஒரு நொடியில் வருகிறது. கிணற்றில் இருபது ஆண்டுகளில் வருகிறது. இரண்டு இடத்திலும் தண்ணீரை அளந்துகொண்டே இருப்பதுதான் காவல்.

எப்படி அளக்கிறார்கள்?

மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் கண்காணிப்புக் கிணறுகள் வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 4 தடவை நீர்மட்டத்தை அளக்கிறது. தரத்தையும் சோதிக்கிறது. தண்ணீரில் உப்பு அதிகமானால் மின்சாரம் எளிதாகப் பாயும். அதற்கென்று உள்ள சிறு கருவி உப்பின் அளவைக் காட்டிவிடும்.

1 லிட்டர் குடிநீரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம். கடல் நீரில் சுமார் 35,000 இருக்கிறது!

மீட்க முடியுமா?

முடியும். ஆனால் பொறுமை வேண்டும். ஆறுகளில் தடுப்பணை கட்டினால் மழை நீர் மண்ணுக்குள் இறங்கி உப்பை மெல்லப் பின்னே தள்ளும். ஏரி, குளங்களைத் தூர் வாருவதும் இதற்குத்தான்.

2010இல் காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் அளவில் கட்டப்பட்டது. கொடுங்கையூரில் கழிவு நீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். ஆலை அந்த நீரை வாங்கினால், கிணற்று நீர் குடத்துக்கு மிஞ்சும்.

கிணறு வங்கிக் கணக்கு மாதிரி. போட்டதற்கு மேல் எடுத்தால் கடன்தான் மிஞ்சும். இங்கே கடன் கொடுத்தது கடல். அது உப்பை வட்டியாகக் கேட்கிறது!