அடிக்கிறதுக்குத்தான் சம்பளம்

2025 பெப்ரவரி 15, மொன்றியல். கனடாவும் அமெரிக்காவும் மோதின ஐஸ் ஹொக்கி ஆட்டத்தில் முதல் ஒன்பது செக்கனுக்குள்ள மூன்று சண்டை. ஸ்காபரோவில இருக்கிற மச்சான்மார் அனுப்பி, ஃப்ரிட்ஜுக்குள்ள மட்டும் ஐஸைக் கண்ட எங்கட பெடியளும் அந்த வீடியோவைப் பார்த்து விசிலடிச்சாச்சு. “இதெல்லோ விளையாட்டு!”

சரி. அப்ப டெரெக் பூகார்ட் எண்ட ஒருத்தரின்ட கணக்கையும் ஒருக்காப் பாப்பம். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் அவர் ஆடியது 277 ஆட்டங்கள். அடித்த கோல் மூன்று. தண்டனையாக வெளியே உட்கார்ந்திருந்த நேரம் 589 நிமிடம். இப்படியொரு ஆட்டக்காரனுக்கு 2010இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணி நான்கு வருடத்துக்கு 65 லட்சம் டொலர் எழுதிக்கொடுத்தது. கோலுக்கு இல்லை. அடிக்கிறதுக்கு.

ஹொக்கி தெரியாதவர்களுக்கு இது விளங்க வேண்டும். ரெண்டு பேர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முகத்தில் குத்திக்கொள்ளத் தொடங்கினால் நடுவர்கள் உடனே விலக்கமாட்டார்கள். பெரும்பாலும் ஒருவர் விழும்வரை, அல்லது ரெண்டு பேரும் களைக்கும்வரை சுற்றி நிற்பார்கள். பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம் பெட்டிக்குள்ள இருந்திட்டு, திரும்பவும் வந்து விளையாடலாம். விதிப்புத்தகத்தில் சண்டை குற்றம்தான். ஆனால் விலை குறைந்த குற்றம். அந்த மலிவு விலையில்தான் ஒரு தொழிலே உருவானது. தன் அணியின் நட்சத்திர வீரரை ஆராவது இடித்தால் போய் அடிக்கிற ஆள். எங்கட சினிமாப் பாஷையில் சொன்னால் அடியாள்.

பூகார்ட் 1982இல் கனடாவின் சஸ்கற்றூனில் பிறந்தவர். தகப்பன் பொலிஸ். இடமாற்றம் வர வர, சின்னச் சின்ன ஊர்களில் வளர்ந்த, வயதுக்கு மீறி உயர்ந்த, வேகம் இல்லாத பொடியன். பதின்ம வயதில் ஒரு ஆட்டத்தில் கோபம் தலைக்கேறி எதிரணி இருக்கிற வாங்குப் பக்கம் பாய, அங்க இருந்தவங்கள் எல்லாம் சிதறி ஓடினாங்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜூனியர் அணி ஆட்கள்தான் அவரைத் தங்கள் பட்டியலில் சேர்த்தது. ஒரு பிள்ளை கட்டுப்பாடு இழந்ததைக் கண்டு பெரியவர்கள் “இவன் உதவுவான்” எண்டு முடிவெடுக்கிறார்கள். இந்த இடத்தைக் கடந்துதான் “அவர் விரும்பித்தானே போனவர், காசும் வாங்கினவர்தானே” எண்டு சொல்ல வேணும். சொல்ல ஏலுமெண்டால் சொல்லுங்கோ.

2001இல் மின்னசோட்டா வைல்ட் அணி அவரை 202ஆவது ஆளாகத் தெரிவு செய்தது. 2005இலிருந்து பெரிய லீக். ஆறடி ஏழு அங்குலம். ‘பூகிமேன்’ எண்டு பட்டப்பெயர், அதாவது பூச்சாண்டி. 2006 ஒக்டோபரில் டொட் ஃபெடோருக்கின் கன்ன எலும்பை ஒரே குத்தில் நொறுக்கினார், உலோகத் தகடு வைத்துத்தான் அந்த முகத்தைச் சரிப்படுத்தினார்கள். பிறகு அதே ஃபெடோருக் அதே அணியில் அவருடன் சேர்ந்து ஆடினார். பகை இல்லை, வேலை.

பூகார்டைப் புனிதராக்கவும் நான் வரவில்லை. 2007இல் தம்பியோடு சேர்ந்து ரெஜைனாவில் பிள்ளைகளுக்கு ஹொக்கிச் சண்டை பழக்க முகாம் நடத்தினவர் அவர். ரத்தக்கறை போல அச்சடித்த டீசேர்ட்டும் குடுத்தவர். தன்னைச் செய்த தொழிற்சாலையில் அவரும் கொஞ்ச நாள் மேற்பார்வையாளர்.

அடிக்கிற கைக்கும் நோகும். மூக்கு, முதுகு, தோள். ஒரு பருவத்தில் 82 ஆட்டம், நோகுது எண்டு சொன்னால் அந்த இடத்துக்கு வர இன்னொரு பெரிய பொடியன் வரிசையில் நிற்கிறான். வலிமாத்திரை வந்தது சந்துக்குள்ள இருந்து இல்லை, முதலில் அணி வைத்தியர்களின் கையெழுத்தில். 2008–09 பருவத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாத்திரைகள் அப்படி எழுதிக்கொடுக்கப்பட்டதாக அவரின் பெற்றோர் வழக்கில் சொன்னார்கள். அடிமையானார். லீக்கின் திட்டத்திலேயே மறுவாழ்வு நிலையத்துக்குப் போனார். திரும்பி வந்தார், திரும்பவும் அடித்தார்.

2010 டிசம்பர் 9, ஒட்டாவாவில் மற் கார்க்னரோடு நடந்த சண்டை கடைசி. அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை. 2011 மே 13, மின்னியாபொலிஸில், மதுவும் ஒக்சிகோடோனும் கலந்து, 28 வயதில் செத்துப்போனார். பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் மூளையைப் பரிசோதித்தபோது, திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் சி.ரி.ஈ. நோய் இருந்தது தெரிந்தது. 45 வயதில் இறந்த பழைய அடியாள் பொப் ப்ரோபர்ட்டின் மூளையில் இருந்ததைவிட முற்றிய நிலையில். இருபத்தெட்டு வயது மூளை!

லீக் என்ன சொன்னது? அடிபடுவதற்கும் அந்த நோய்க்கும் நிரூபிக்கப்பட்ட தொடர்பு இல்லையாம். ஆணையாளர் கரி பெற்மன் வருடக்கணக்காக இதையே ஒப்புவித்தார். ஆனால் 2016இல் நீதிமன்றம் மூலம் வெளிவந்த மின்னஞ்சல்களில் வேறு கதை. 2011லேயே துணை ஆணையாளர் பில் டேலி உள்ளுக்குள் எழுதியிருக்கிறார்: சண்டை தலைக்காயத்தைக் கூட்டும், தலைக்காயம் மனச்சோர்வைக் கூட்டும், அது தனிப்பட்ட அவலங்களைக் கூட்டும் எண்டு. வெளியில தெரியாது, உள்ளுக்குத் தெரியும். இதுக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கு, பொய்.

பெற்றோரின் வழக்கு 2017இல் தள்ளுபடியானது, சட்ட நுணுக்கங்களில். லீக் நடந்துகொண்ட விதத்தைப் பாராட்டுவதாக இந்தத் தீர்ப்பை எடுக்கக்கூடாது எண்டு நீதிபதியே எழுதிவைத்தார். 2018இல் வேறு முன்னாள் வீரர்கள் முந்நூறு பேருக்கு மேல் தொடுத்த வழக்குகளை லீக் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் டொலரில் முடித்துக்கொண்டது, பொறுப்பை ஏற்காமலேயே. அமெரிக்கக் கால்பந்து லீக் இதே மாதிரி வழக்கில் 100 கோடி அளவில் குடுத்தது.

“சண்டை இல்லாட்டி அது ஹொக்கியே இல்லை” எண்டு ஒரு கூட்டம். ஒலிம்பிக் ஹொக்கியில் சண்டை பிடித்தால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றம். அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கியிலும் அப்படித்தான். அங்கெல்லாம் ஆட்கள் பனியில் சும்மா பரதநாட்டியமா ஆடுகிறார்கள்? நட்சத்திர வீரரைக் காப்பாற்ற அடியாள் தேவை என்பதும் நொண்டிச் சாட்டு. காப்பாற்றுவது நடுவரின் வேலை, விசிலின் வேலை.

இப்போது முழுநேர அடியாட்கள் குறைந்துவிட்டார்கள், உண்மை. ஆனால் 2024 பெப்ரவரியில் அதே ரேஞ்சர்ஸ், கிட்டத்தட்ட பூகார்டின் உயரத்தில் மற் ரெம்பி எண்ட 21 வயதுப் பொடியனை இறக்கியது. முதல் ஆட்டம், இறங்கின உடனேயே சண்டை. திறந்தவெளி அரங்கு முழுக்க ஆரவாரம்.

கியூபெக்கின் ஜூனியர் லீக் 2023இல் விதியை மாற்றியது. சண்டை பிடித்தால் அண்டைக்கு ஆட்டம் முடிஞ்சுது, வீட்ட போகலாம். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. பெரிய லீக்கின் புத்தகத்தில் இன்னும் ஐந்து நிமிடம்.