மருந்து இருந்தால் மட்டும் போதுமா?

சங்கங்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடுவது என் அலுவல். தவணை நின்ற காரணத்தை விசாரிக்கும்போது, விளைச்சல் பொய்த்தது, நூல் விலை ஏறிற்று என்பனவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் வெளிப்படும்: வீட்டில் நோய். பெரியதாழைப் பக்கம் அங்கத்தினர் ஒருவர் இரத்த அழுத்த மாத்திரையைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டார். மாத்திரை இலவசந்தான், அதை வாங்குவதற்காக ஒரு நாள் கூலியை இழக்க அவருக்கு மனமில்லை. இன்று அவரது வலக்கை வேலைக்கு உதவவில்லை. ஆகவே, ஆரம்ப சுகாதாரம் நம் சங்கங்களுக்குப் புறம்பான விஷயமன்று.

நம் மாநிலம் இத்துறையில் பின்தங்கியதன்று. 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் இது. 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம், எடுத்தது பற்றெழுதப்படும். கூட்டுறவாளருக்கு இம்முறையை விளக்கவும் வேண்டுமோ!

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிற்று. சுய உதவிக் குழுப் பெண்கள் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொணர்கின்றனர். 2024-இல் தொழிற்சாலைகளுக்கும் அத்திட்டம் விரிந்தது.

நிற்க. விடியுமுன் கடலுக்குப் போனவர் கரை திரும்பி மீனை விற்று முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பனையேறி காலையும் மாலையும் மரத்தில். அவர் மனைவி பதனீர் காய்ச்சும் அடுப்பருகில். நெசவாளி தறியை விட்டெழுந்தால் கூலி போயிற்று. தொழிற்சாலைக்கு வாயில் ஒன்று உண்டு. மருத்துவர் அங்கே வந்து நிற்கலாம். கடலுக்கும் பனங்காட்டுக்கும் வாயில் ஏது? அவர்கள் தவறாது வந்து கூடும் இடம் ஒன்றுதான். அது சங்கத்தின் படி.

எனவே நான் வேண்டுவன மூன்று. கூலிப் பட்டுவாடா நாளில் மாதம் ஒருமுறை சங்க அலுவலகத்திலேயே பரிசோதனையும் மாத்திரை வழங்கலும் நடைபெறல் வேண்டும். நிலையங்களின் நோயாளர் நலச் சங்கங்களில் கூட்டுறவுச் சங்கப் பிரதிநிதி ஒருவர் இடம்பெறல் வேண்டும். மருந்திருப்பும், காலிப் பணியிடங்களும், மாலை நேரச் சிகிச்சை உண்டா இல்லையா என்பதும் பலர் காணப் பலகையில் எழுதப்படல் வேண்டும்.

இருக்கும் ஊழியர் போதாரே என்பர். அது மெய்யே, காலியிடங்களை நிரப்புவது அரசினர் கடமை. ஆனால் மாதத்தில் ஒரு நாள் இடம் மாறி அமர்வதற்குப் புதுக் கட்டடமும் வேண்டியதில்லை, புதுச் சட்டமும் வேண்டியதில்லை. இடம் கொடுப்பதும் ஆள் திரட்டுவதும் நம்மால் ஆகும்.

வரும் பொதுக்குழுவில் இலாபப் பங்கீட்டைப் பற்றிப் பேசுமுன் இதற்கொரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். உழைக்கும் கையே நம் சங்கத்தின் முதல். அம்முதல் அழிந்தபின் வட்டிக் கணக்கு எதற்கு?